0117

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு வகைப்பாடு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த வட்டம், குவார்ட்டர்ஸ் எவ்வளவு பெருசு என்று கேட்டாலே அப்பாவுக்கு என்ன வேலை என்று தெரிந்துவிடும். பெர்மனன்ட், கான்ட்ராக்ட் என்ற இரண்டு சொற்களும் எங்களுக்கு அரிச்சுவடிக்கு முன்பே வந்துவிட்டன.

பின்னாளில் நான் நிரல் எழுதப் போனேன். ஊருக்குப் பக்கத்தில் ஆள் அனுப்பும் ஓர் ஒப்பந்ததாரருக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்தேன். விரல் வைத்தால் கேட் திறக்கும். ஆனால் பல வருஷம் சிமெண்டும் மண்வெட்டியும் பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் படிக்காது. அப்படிப்பட்டவர்கள் டோக்கன் எண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று வைத்து, அந்த எண்களை ஒரு யாமெல் கான்ஃபிக் கோப்பில் எழுதினேன். (டேட்டாபேஸில் வைத்திருக்க வேண்டும். அவசரம். இந்தத் தொழிலில் எல்லாப் பாவத்துக்கும் இதே பதில்தான்.)

முதல் நாள் காலை 0189 உள்ளே போனார். பின்னால் நின்ற 0117-க்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. "சிஸ்டம் வேணாங்குது" என்றார் காவலாளி. "அவனுக்குத் தொறக்குது, எனக்கு ஏன் தொறக்கல?" என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

பதில் யாமெலின் 1.1 விதியில் இருந்தது. மேற்கோள்குறி போடாமல் சைபரில் தொடங்கும் எண்ணை அது எட்டின் அடிமானத்தில் வாசிக்கும். 0117 என்றால் 64 + 8 + 7, ஆக 79. அந்த அடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது என்பதால் 0189-ஐ எண்ணாக்க முடியாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. நார்வேயின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டை 'இல்லை' என்று வாசித்ததும் இதே விதித் தொகுப்புதான். 2009-இல் வந்த 1.2 இதையெல்லாம் மாற்றியது. நான் பயன்படுத்திய பைத்தான் நூலகம் பழைய விதியிலேயே இருந்தது.

அன்று மாலை வகைகளை அறிவித்தேன். டோக்கன் என்பது எழுத்துத்தொடர், சரியாக நான்கு இலக்கம், இல்லையென்றால் நிரல் தொடங்கவே கூடாது. உடன் வேலை செய்த நண்பனுக்குப் பிடிக்கவில்லை. "இவ்ளோ கறாரா இருந்தா எப்படிடா? கொஞ்சம் அனுசரிச்சுப் போகட்டுமே" என்றான்.

நானும் அந்தக் கட்சிதான். பள்ளியில் படித்த வழுவமைதி ஞாபகம் இருக்கும். பசுவை 'வந்தாள்' என்று சொன்னால் திணை வழு, பாசத்தில் சொன்னால் இலக்கணம் அதை மன்னித்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் அங்கே சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பசு என்று தெரியும். என் கோப்பு ஒரு மனிதரின் எண்ணை மாற்றிவிட்டு மூச்சு விடவில்லை. கறாராக இருந்திருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு என் மேஜையில் வேலை நின்றிருக்கும். அனுசரித்துப் போனதால் காலையில் கேட்டில் அவர் நின்றார். நெகிழ்வு எனக்கு, அதற்கான கூலி அவருடையது.

அதற்காகக் கறாரைக் கும்பிடவும் எனக்கு மனசில்லை. 1950-களில் இங்கே சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நாட்டில் இருந்தது 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். நிலத்தில் உரிமை காட்ட முடிந்தவருக்கு இழப்பீடு. அதே வயலில் நாற்று நட்டுப் பிழைத்த கூலியாளுக்கு அதில் இடமே இல்லை. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை, ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் எல்லாம் சரியாகவே ஓடியது. மூன்று ஆண்டுகளாவது அங்கே உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் கொண்டுவர 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நான்கு இலக்கம் என்று நான் எழுதிய விதியும் அப்படித்தான். டோக்கன் இல்லாமல் தினக்கூலிக்கு வருபவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எழுதியபோது நானும் அவரை நினைக்கவில்லை.

0117-க்கு அன்று அரை நாள் கூலி போனது. ஒப்பந்ததாரரின் கணக்காளரிடம் கேட்டேன். வருகை, விடுப்பு, ஓவர்டைம், மூன்றே வகை. "மிஷின் தப்புன்னு எதுல சார் எழுதுறது?" என்றார்.

நான் கையிலிருந்து கொடுக்கப் போனேன்.

"நீ எதுக்குத் தம்பி தர்ற?" என்றார் 0117. வாங்கவில்லை. "நாளைக்குத் தொறக்குமா, அத மட்டும் சொல்லு."