சோறு வைத்தவர் கடமை

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் வரலாற்றை நம்மில் அறியாதவர் இலர். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அவள் தானும் உணவளிக்கவில்லை. அது தானே இரை தேடித் தின்னவும் விடவில்லை. அதனால் நரகம் புகுந்தாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இதைக் கேட்கும்போது நமக்கு மனநிறைவே உண்டாகிறது. நாம் பூனையைக் கட்டுகிறவர்கள் அல்லர். இரவு கடையடைக்கும்போது மீன்தலையும் மிஞ்சிய சோறும் பின்சந்தில் வைக்கிறவர்கள்.

ஆனால் கட்டுவது கயிற்றால் மட்டுந்தானா? ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நம் உணவுக்கடைகளின் பின்புறம் சென்று பாருங்கள். வேளை தவறாமல் சோறு கிடைக்கும் இடத்தை விட்டுப் பூனை அகலாது. பெருநாளுக்கு ஒரு வாரம் கடையை மூடினால், நம்மை நம்பிக் கிடந்த அந்த ஜீவன் என்ன செய்யும்?

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் நான்கு குட்டிகள். இந்நாட்டில் குளிர்காலம் என்பதில்லை. ஆண்டு முழுதும் ஈனும். குட்டியும் ஆறு மாதத்திற்குள்ளேயே தாயாகக்கூடும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல என்று சொல்ல நமக்குக் கூச்சமாயிருக்கிறது. கணக்கு என்னவோ அதுதான்.

பிறகு நடப்பது தெரிந்ததே. பக்கத்துத் துணிக்கடைக்காரர் நாற்றம் தாளாமல் முறையிடுகிறார். அண்டையார்க்கும் நம்மீது உரிமை உண்டல்லவா? இரவோடிரவாகப் பால் மறவாத குட்டிகள் கோணிப்பையில் ஏறி, ஏதோ ஒரு பசாரில் இறங்குகின்றன. 2018இல் கோம்பாக்கில் ஒரு சலவைக்கடையின் உலர்த்தும் இயந்திரத்திலிட்டுச் சினைப்பூனை ஒன்று கொல்லப்பட்டது. குற்றவாளி ஒருவருக்கு 2019இல் 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டபோது, தகும் என்றோம். கோணிப்பையைப் பற்றி ஏனோ எவரும் வாய் திறப்பதில்லை.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1277இல் மறைந்த சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்கென்றே வக்ஃபு செய்தார். 1830களில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் இதை எழுதி வைத்திருக்கிறார். தோட்டம் கைமாறிப்போன பின்பும் காழியின் முற்றத்தில் பிற்பகலில் இறைச்சிக் கழிவுகள் வந்தவண்ணம் இருந்தனவாம். விளைவு? வீட்டில் பூனை மிகுந்தவர்களெல்லாம் கொண்டுவந்து அங்கே விட்டார்கள்! உணவுக்கு ஏற்பாடு இருந்தது, பெருக்கத்திற்கு இல்லை.

இன்று அதற்கும் வழி இருக்கிறது. பூனையைப் பிடித்து, மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்வித்து, காதுநுனியில் சிறு அடையாளமிட்டு, பழைய இடத்திலேயே விட்டுவிடுவது. மார்க்கம் இதனை அனுமதிக்குமா என்று தயங்குவோர் உண்டு. தயக்கம் நியாயமானதே. உண்ணப்படாத பிராணிகளைக் காயடிக்கலாகாது என்பதே ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்களின் கருத்து. இமாம் நவவி அவர்களின் அல்மஜ்மூவில் காணலாம். ஔரங்கசீப் காலத்து ஹனஃபி தொகுப்பான ஃபதாவா ஆலம்கீரியோ, பயன் கருதியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்குச் செய்வதில் குற்றமில்லை என்கிறது. காயல்பட்டினத்தாரும் இராவுத்தர்களும் அருகருகே கடை வைத்திருக்கும் தெருவில் இரண்டு பேச்சும் கேட்கத்தான் செய்யும். ஷாஃபி மத்ஹபைத் தழுவிய இந்த மலேசியாவில், தேசிய ஃபத்வாக் குழு, நன்மை கருதியும் தீங்கை அகற்றவும் அதனை ஆகுமாக்கியிருக்கிறது.

ஆகவே சோறு வைக்கிறவர் இந்தச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து. மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்தான் கை தயங்குகிறது.

ஒரு சந்துக்கு நான்கு கடைக்காரர்கள் சேர்ந்தால் போதும். ஒரே இடத்தில், ஒரே வேளையில் உணவு. தின்று முடிந்ததும் தரையைக் கழுவிவிடுதல். பெண் பூனைகள் முதலில் வைத்தியரிடம் போகட்டும். பெருநாள் விடுமுறையில் யார் சோறு வைப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சுக்குத் துணிக்கடைக்காரரையும் அழையுங்கள். அவர் பங்குப்பணம் தராவிட்டாலும், அவர் வாசல் நாறாது என்ற வாக்கை நாம் தரலாம்.