ஏலக்காய் கேட்காத வெல்லம்

கச்சிராயபாளையத்தில் கடை வைத்திருக்கிற யாருக்கும் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைதான். மலையிலிருந்து புளி, சாமை, தேன், கடுக்காய் இறங்கும். இங்கிருந்து அரிசி, உப்பு, எண்ணெய், வெல்லம் ஏறும். மற்றதெல்லாம் ஏறுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வெல்லம் ஏறினால் மட்டும் கேள்வி வரும். போலீஸ் கேட்டால் பில் புத்தகத்தை எடுத்துக் காட்டிவிடலாம். மனசு கேட்கிறதற்கு அந்தப் பில் செல்லாது. விற்றுவிட்ட பொருளை வைத்து வாங்கியவன் என்ன செய்கிறானோ, அதில் விற்றவனுக்குப் பங்கு உண்டா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சாராய ஊறலுக்கு முதல் சரக்கு வெல்லம். கூடவே கடுக்காய், வேலம்பட்டை. மலையின் ஓடைக்கரைகளில் போலீஸ் பேரல் பேரலாக ஊறலைக் கொட்டி அழித்த செய்தி எங்களுக்குப் பழகிப்போனது. கொட்டிய ஊறலில் கரைந்திருந்த வெல்லம் கீழே ஏதோ ஒரு கடைத் தராசில் ஏறி இறங்கியதுதான்.

சிறு வியாபாரிகள் வளர்வது எப்படி என்று இப்போது நிறைய வகுப்புகள் எடுக்கிறார்கள். போய் உட்கார்ந்திருக்கிறேன், பயனுள்ள விஷயங்கள் சொல்கிறார்கள். கணக்கை அன்றன்றைக்கே எழுது, கடைக்காசையும் வீட்டுக்காசையும் கலக்காதே, தேங்கும் சரக்கில் பணத்தை முடக்காதே என்பதையெல்லாம் நான் அப்படியே ஏற்கிறேன். ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. உன் சிறந்த வாடிக்கையாளர் யாரென்று கண்டுபிடி, அவரை விடாதே என்கிறார்கள். மொத்தமாக எடுப்பார், பேரம் பேசமாட்டார், ரொக்கம் தருவார், திரும்பத் திரும்ப வருவார் என்று அடையாளமும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இந்த அடையாளம் நான்கும் அச்சாகப் பொருந்துகிறவன் ஊறல் போடுகிறவன்தான். அவனுக்கு விற்றால் இரண்டே வருஷத்தில் கடைக்கு மாடி எழுப்பலாம். ஆகவே எங்களுக்கு வளர்ச்சி என்ற பேச்சே, யாருக்கு விற்பதில்லை என்ற இடத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்தில் பாரதம் தெரியாத ஆள் குறைவு. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரையில் அரவான் திருவிழா. ஆனால் பதினெட்டாம் போர் முடிந்து துரியோதனன் படுகளமும் ஆனதும் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவோம். சாந்தி பர்வம் வரைக்கும் சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அங்கேதான் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். காசியில் கடை வைத்திருந்த துலாதாரர். ஜாஜலி என்ற முனிவர் அசையாமல் நின்று தவம் செய்கிறார்; சடையில் குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்தும் போகின்றன. என்னைவிடத் தர்மம் அறிந்தவன் உண்டா என்று அவருக்குப் பெருமை வருகிறது. காசிக்குப் போய் அந்த வியாபாரியைப் பார் என்று ஒரு குரல் கேட்கிறது. போகிறார். என் தராசு எல்லாருக்கும் ஒரே மாதிரி நிற்கும் என்று துலாதாரர் சொல்வதைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் போகிற போக்கில் சொல்வது. கட்டை, வாசனைப் பொருள், பலவகை ரசங்கள் எல்லாம் விற்கிறேன் என்று அடுக்கிக்கொண்டு வருகிறவர், மது நீங்கலாக என்று ஒரு சொல் சேர்க்கிறார். ஒரு முனிவருக்குத் தர்மத்தைச் சொல்லும்போது, தன் கடையில் இல்லாத சரக்கையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதே பாரதத்தில், வன பர்வத்தில், மிதிலையில் ஒருவர் இறைச்சிக் கடை நடத்துகிறார். தர்மவியாதர். அவரிடமும் ஒரு பிராமணர் தர்மம் கேட்க வருகிறார். நான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன், இது என் குலத்தொழில் என்கிறார் வியாதர். தொழிலைத் தொழிலாகப் பார் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தாம் செய்வது கொடிய தொழில்தான், அதில் சந்தேகம் வேண்டாம் என்று வியாதரே ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார். கை சுத்தம் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வாணிபங்களில் மதுவும் உண்டு, நஞ்சும் உண்டு. துலாதாரரும் மதுவை விலக்கினார். வெல்லத்தை யாரும் விலக்கவில்லை. விலக்கவும் முடியாது, அது பொங்கல் பானைக்குப் போகிற பொருள். பொருளில் குற்றம் இல்லை, போகிற இடத்தில்தான் குற்றம். அந்த இடம் என் கல்லாவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படியிருக்க எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும் என்பதுதான் நேர்மையான பதில்.

என் அப்பா இதைப் புத்தகத்தில் படித்தவரல்ல. கல்லாவில் உட்கார்ந்து கண்டுகொண்டவர். பொங்கலுக்கோ பாயசத்துக்கோ வெல்லம் வாங்குகிற ஆள் முதலில் அதைக் கையில் எடுப்பார். நிறம் பார்ப்பார், ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைப்பார், மண் நறநறக்கிறதா என்று கேட்பார். "போன தடவை உப்புக் கரிச்சது, நல்லதாக் குடுங்க" என்று சண்டை பிடிப்பார். ஊறலுக்கு வாங்குகிறவன் வெல்லத்தைத் தொடவே மாட்டான். கறுத்து ஒழுகினாலும் சரி. சிப்பம் எத்தனை இருக்கிறது என்பதுதான் அவனுக்கு முக்கியம். அப்பா உடனே இல்லையென்று சொல்லமாட்டார். "ஏலக்காய் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பார். விசேஷத்துக்கு வாங்குகிறவரானால் அந்தக் கேள்விக்கே முகம் மலரும். ஏலக்காய், முந்திரி, பாசிப்பருப்பு, பந்திக்கு எத்தனை பேர், சமையல் யார் என்று பேச்சு நீளும். மற்றவன் முகம் சுளிப்பான். "அதெல்லாம் வேணாம்ணே, வெல்லம் மட்டும்." அப்போது அப்பா, "ஒரு கிலோ தரேன் தம்பி, சிப்பம் கிடையாது" என்பார். அவ்வளவுதான். யாரையும் திருடன் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த ஏலக்காய்க் கேள்வியை நான் பெரிதாக மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்களைப் போன்ற கடைகளில் கால் கிலோ பருப்பும் நூறு எண்ணெயும் வாங்குகிற கூலிக்காரர்கள் அவர்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் பழி மலைமேல் ஏறிக்கொண்டது. மலையாளிப் பழங்குடிக்காரர் ஒருவர் ஆடி மாதம் கோயில் கும்பிடுக்கு ஐந்து கிலோ வெல்லம் கேட்டால்கூடக் கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். சிலர் "மலைக்காரங்களுக்கு வெல்லம் இல்லை" என்றே சொல்லிவிட்டார்கள். அந்த மறுப்பை நான் தர்மம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அது பயம், பயத்துக்குள் பழைய இளக்காரமும் சேர்ந்திருக்கிறது. மூன்று ஜாகீர்தார்களின் கீழ் 1976 வரைக்கும் கிடந்த மலை அது. கீழே இருப்பவர்கள் தங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது அங்கே யாருக்கும் புதிதில்லை. ஊரையும் ஜாதியையும் பார்த்து மறுப்பதற்கு ஒரு நொடி போதும். ஆளைப் பார்த்து மறுப்பதற்கு அவரோடு நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நாலு வார்த்தைக்கு நேரம் ஒதுக்காதவனுக்கு மறுக்கும் உரிமையும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

"நாம விக்கலேன்னா அடுத்த கடையில வாங்கிக்கப் போறாங்க, ஊறல் நிக்கவா போகுது?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அவள் வணிகவியல் படித்தவள், இப்போது கடையில் பாதி அவள் பொறுப்பு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் மறுப்பதால் ஊறல் நிற்காது. ஆனால் இதே வாதத்தைச் சாராயப் பாக்கெட் விற்கிறவன் சொல்லலாம், காய்ச்சுகிறவன் சொல்லலாம், மெத்தனால் கொண்டுவந்தவனும் சொல்லலாம். எல்லாருக்கும் சமமாகப் பொருந்துகிற சமாதானம் யாரையும் விடுவிக்காது. உலகத்தில் மொத்தம் எத்தனை லிட்டர் குறைந்தது என்று என்னிடம் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. என் தராசில் என்ன ஏறியது என்பதற்கு மட்டும் நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் அதோடு விடவில்லை. "சரிப்பா, வெல்லம் தரமாட்டோம். அப்போ அவங்க எதை வெச்சுப் பிழைப்பாங்க?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மலையில் சாமையும் மரவள்ளியும் மழையை நம்பியவை. வருஷத்தில் பல மாதம் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்டக் கூப்பிடும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஆந்திரக் காட்டில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அடுப்பு எரிய வேறு வழியில்லாத வீட்டில் ஊறல் பேரல் வந்து உட்காருகிறது. விற்க மறுக்கிற கடைக்காரன் அந்த வீட்டிலிருந்து எதையும் வாங்காவிட்டால் அவன் தர்மம் பாதியில் நிற்கிறது.

கடை வளர்ந்தது இந்தப் பக்கமாகத்தான். மலைப் புளிக்கு வழக்கமான ஏற்பாடு ஒன்று இருந்தது. காய்ப்புக்கு முன்பே வியாபாரி முன்பணம் கொடுப்பார். பறித்த புளியை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். வாங்குகிறவருக்கு இது பாதுகாப்பான வளர்ச்சி வழிதான். விற்கிறவர் சம்மதித்துத்தானே முன்பணம் வாங்கினார் என்பார்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும்போது கொடுக்கிற சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை. வன உரிமைச் சட்டம் 2006 காட்டு விளைபொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கிறது. முன்பணம் அந்த உரிமையைச் சத்தமில்லாமல் வாங்கிவிடுகிறது. நாங்கள் முன்பணம் கொடுப்பதில்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கிறோம். எடை முள்ளை விற்கிறவர் பக்கம் திருப்பிவைத்து, கையோடு காசைக் கொடுத்துவிடுகிறோம். கொட்டையும் நாரும் நீக்கிக் கொண்டுவந்தால் விலை தனி. அதனால் அந்த வேலைக்கான கூலி மலையிலேயே, பெண்கள் கையிலேயே நிற்கிறது. புளி விற்ற காசில் பாதிக்கு அவர்கள் எங்களிடமே அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போகிறார்கள். இதைப் புண்ணியக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, வியாபாரம்தான். சாமையைக் குத்தி அரிசியாக்கி, ஊர்ப் பெயரோடு கிலோ பாக்கெட்டாகப் போட்டது மகளின் யோசனை. சென்னைவரை போகிறது.

எவ்வளவு வளரலாம் என்பதற்கும் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பழைய பதில் உண்டு. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் திருநறுங்கொண்டை மலைமேல் சமணர்களின் அப்பாண்டைநாதர் கோயில் இருக்கிறது. சமண இல்லறத்தாருக்குள்ள ஐந்து விரதங்களில் ஒன்று பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்வது. துறவிக்கு ஒன்றுமே கூடாது. இல்லறத்தானுக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே தானே வைத்துக்கொள்ளும் எல்லை. முன்கூட்டியே என்பதில்தான் அதன் பலம். பணம் வந்தபின் போதும் என்ற எல்லை நகர்ந்துகொண்டே போகும். எங்களுக்கு எல்லை இதுதான்: மலையிலிருந்து சரக்கு கொண்டுவருகிறவரை நானோ மகளோ முகம் பார்த்துப் பேச முடிகிற அளவுக்குமேல் கடை பெருகக் கூடாது. கிளை வைக்கச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறோம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். மொத்த ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. வெல்லம் இரண்டு சிப்பம், வண்டி அனுப்புகிறேன், பணம் போட்டாச்சு என்று மூன்று வரி. கிள்ளிப் பார்க்கிற விரலும் தெரியாது, சுளிக்கிற முகமும் தெரியாது. மொத்த வெல்லத்தை போனில் விற்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அப்படியானால் ஊர்ப் பெண்கள் குழு அதிரசம் போட வெல்லம் கேட்டாலும் அலைய விடுவோமா என்று மகள் கேட்கிறாள். அவள் இப்போதைக்கு ஒரு வழி வைத்திருக்கிறாள்: பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். பேசியபின் சிலருக்கு வண்டியில் சரக்கு ஏறுகிறது, சிலருக்கு ஏறுவதில்லை.