கழுகுமலைக்கு வந்த வெளியூரார்

ஆப்பிரிக்கச் சிற்றூரொன்றில் பள்ளி எழுப்ப அயல்நாட்டார் கல் சுமக்கின்றனர் எனக் கேட்டு வியக்கிறோம். கோவில்பட்டிக்கு அணித்தே, வானம் பார்த்த கரிசலின் நடுவே நிற்கும் கழுகுமலையை நோக்குவோம். தீர்த்தங்கரர் திருவுருவங்களின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டெழுத்துப் பொறிப்புகள். அவை 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. செய்வித்தோர் எல்லாரும் இவ்வூராரோ? அல்லர். இன்றைய நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாற்றிலிருந்து வந்தனர்; சிதறாலாகிய திருச்சாரணத்திலிருந்தும் வந்தனர். அவருள் குரத்தியர், அதாவது பெண்ணாசிரியர், இருந்தனர், மாணாக்கியரும் இருந்தனர். ஆசிரியைகளைப் பயிற்றுவித்த நமக்கு அப்பெயர்களில் தனி உவகை உண்டு!

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் அறிவோம். அன்னதானத்திற்கு நம் கை தானே நீளும். நம் பிள்ளை படியாத ஊரில் ஒரு வகுப்பறைக்கு நீளுமா?