நியாயத்தின் எல்லை

தாக்கப்பட்டவனுக்குத் தற்காத்துப் போரிடும் உரிமை உண்டு. அவ்வுரிமை எவ்விடத்தில் முடிகிறது? ஈரான்–ஈராக் போர் விட்டுச் சென்ற கேள்வி இது.

ஷத்துல் அரப் ஆற்றெல்லை குறித்து 1975-இல் அல்ஜீயர்ஸில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. 1980 செப்டம்பரில் சதாம் ஹுசைன் அதனைச் செல்லாதென அறிவித்து, ஈரானுக்குள் படை செலுத்தினார். ஈரான் எதிர்த்து நின்றது, அது குற்றமன்று. 1982 மே மாதம் குர்ரம்ஷஹர் மீட்கப்பட்டது. ஜூனில் ஈராக் தன் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஜூலையிலோ ஈரானியப் படை ஈராக்கினுள் நுழைந்தது.

வரம்பு மீறியோர் திரும்பும் வரையே அவர்களை எதிர்க்கவும், திரும்பியபின் நீதியுடன் இணக்கம் காணவும் திருமறை பணிக்கிறது. சதாம் மெய்யாகவே திரும்பினாரா என ஈரான் ஐயுற்றது. அவ்வையம் பொருளற்றதன்று. ஆனால், அதற்கு விலை கொடுத்தோர் ஆட்சியாளர் அல்லர். ஆற்றின் இரு கரைகளிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களே.

போர் மேலும் ஆறாண்டுகள் நீடித்தது. ஈராக் நச்சுவாயுவை ஏவியது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் தன் சொந்தக் குடிகளான குர்து மக்களையே அதனால் கொன்று குவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 20-இல் போர் ஓய்ந்தது. 1990-இல் சதாம் அதே அல்ஜீயர்ஸ் உடன்பாட்டை மீண்டும் ஏற்றார்.

போரைத் தொடங்கியவரின் பாவமே பெரிது, ஐயமில்லை. எனினும், முதல் அடியை வாங்கியவன் என்பதாலேயே, பின்னர் அவன் கொடுக்கும் ஒவ்வோர் அடியும் நியாயமாகிவிடாது. உரிமை மீண்ட நாளில் வாளை உறையிலிடுவதும் நீதியின் ஒரு பகுதியே.