உண்ணா நோயும் உண்ணா நோன்பும்

கொல்லாமையும் புலால் மறுத்தலும் சைவ ஒழுக்கத்திற்கு அடிநிலை என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அவ்வடிநிலையில் நின்று ஒருவர், பால் தயிர் நெய் என்பவற்றையும் துறந்து, அடுப்பேற்றிய எதனையும் விலக்கி, காய் கனி கிழங்கு முளைப்பயறு இவற்றையே பச்சையாக உண்டு வாழ்வேன் எனத் துணிவாராயின், அத்துணிவைக் கேட்ட அளவிலே பழித்தற்கு இடமில்லை. கந்தமூல பலங்களை உண்டு தவம் புரிந்த முனிவர் வரலாறுகள் புராணங்களுள் நிறைந்துள்ளன. ஆயின், அங்ஙனம் துணிபவர், நெடுநாள் உணவை மறுத்து உடல் தேய்ந்து, இறப்பின் வாயில்வரை சென்று, மருத்துவராலும் சுற்றத்தாராலும் மீட்கப்பெற்று, இப்பொழுதுதான் அஞ்சி அஞ்சி உண்ணத் தொடங்கியிருக்கும் ஓர் இளநங்கை ஆயின் என் செய்வது? ‘உயிர்களுக்கு இரங்கியே இதனை மேற்கொண்டேன், இது தூய உணவு, இதனைத் தடுப்பது பாவம்’ என்று அவள் கூறுமிடத்துச் சைவப் பெற்றோர் விடைகூற மாட்டாது திகைத்து நிற்பர். அவள் மேற்கொண்டது நோன்போ, அன்றி நோன்பின் போர்வை போர்த்த பழைய நோயோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அந்நோயின் இயல்பை அறிதல் வேண்டும். ஆங்கில மருத்துவராகிய ரிச்சர்டு மார்ட்டன் என்பார் 1689 ஆம் ஆண்டிலேயே, வேறு உடற்பிணி யாதும் இன்றி உணவை வெறுத்து எலும்பாய் மெலிந்தாரைப் பற்றி எழுதி வைத்தனர். 1873 ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பாரும், பாரிசில் சார்லசு லாசேக் என்பாரும் ஒருவரையொருவர் சாராமலே இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தனர். அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் கல் இட்டது. பசியின்மை என்னும் பொருள்பட நின்ற அப்பெயர் பொருந்தியதன்று. இந்நோயாளர்க்குப் பசி உண்டு. உண்டான பசியை அடக்கி வெல்லுதலையே அவர் தம் வெற்றியாகக் கொள்வர். உடல் பருத்துவிடும் என்னும் அச்சம் அவரை விடாது பற்றி நிற்கும். கண்ணாடியில் தம் என்புருவைக் கண்டும் இன்னும் தேயவேண்டும் என்றே எண்ணுவர். அளவின்றி உண்டு பின் நாணி வெளிப்படுத்தும் பிறிதொரு வகையும் உண்டு. ஆடவரும் இவற்றிற்கு விலக்கல்லர். உள்ளத்தைப் பற்றும் நோய்களுள் உயிர்க்கு மிக்க இறுதி பயப்பனவற்றுள் உண்ணாநோய் ஒன்று என்பது மருத்துவர் துணிபு. ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒருயிர் இருத்தலும் இறத்தலும் இதன்கண் அடங்கியுள.

இனி, பட்டினியே மனத்தை மாற்றும் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 1944 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு என்னும் உடலியல் அறிஞர், போரால் பசித்து வாடும் மக்களை மீட்டு ஊட்டும் முறையை அறிதற்பொருட்டு, முப்பத்தாறு இளைஞரை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். அவ்விளைஞர் யாவர் எனின், கொலைத்தொழிலுக்கு மனம் ஒவ்வாது படைக்கலம் ஏந்த மறுத்தவர். பிறர் பசி தீர்தற்குத் தம் பசியை ஈந்தவர் எனலாம். இருபத்துநான்கு வாரம் அவர்க்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே அளிக்கப்பட்டது. உடல் நலமும் உள்ள உரனும் ஆய்ந்து தெரிந்தெடுக்கப்பட்ட அவர்கள், நாளடைவில் உணவையன்றி வேறொன்றையும் நினையாதவராயினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். தட்டில் இட்டதைத் துணித்தும் பிசைந்தும் நெடுநேரம் உண்டனர். நண்பரை விட்டு ஒதுங்கினர். சிறு பொருட்டும் சினந்தனர். உண்ணாநோயாளர்பால் காணப்படும் குறிகள் பல, அந்நோய் இல்லாத இவர்பாலும் வெறும் பட்டினியாலே தோன்றின. இதனால் அறியக்கிடப்பது, மெலிந்த உடலில் தங்கிய மனம் தன் உரிமையில் நின்று ஒன்றைத் தேர்தற்கு ஆற்றாது என்பதேயாம். அதே நவம்பர் மாதத்தில்தான் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலானோர், பாலும் முட்டையும் நீக்கிய மரக்கறியாளர்க்கென வீகன் கழகத்தை நிறுவினர். அவ்விரண்டும் ஒரு திங்களில் நிகழ்ந்தமை தற்செயலே. எனினும் முன்னதை மறந்து பின்னதை மட்டும் கைக்கொள்ளுதல் மீண்டு வருவார்க்கு ஆகாது.

‘கொல்லாமை யார் செய்யினும் அறமே, செய்வார் நோயாளராயின் அறம் மறமாகி விடுமோ?’ எனின், அதற்குச் சித்தாந்தம் கூறும் விடை தெளிவுடையது. உயிர் தனித்து நிற்பதன்று, சார்ந்ததன் வண்ணமாவது. செம்மலரைச் சார்ந்த பளிங்கு, சிவப்புத் தன் நிறமே போலத் தோன்ற நிற்கும். அவ்வாறே நோயைச் சார்ந்த உயிர், நோயின் சொல்லைத் தன் சொல்லாகவே கேட்கும். தன் விருப்பமாகவே கருதும். ‘உண்ணாதே’ என்ற குரல் நேற்று ‘பருத்துவிடுவாய்’ என்று காரணம் காட்டிற்று. இன்று ‘அது கொலை, இது தூய்மை’ என்று காரணம் காட்டுகின்றது. காரணம் மாறிற்று, ஏவல் மாறிற்றில்லை. கொல்லாமை குற்றமுடையது என்பது இதன் கருத்தன்று. கொல்லாமையின் பெயரால் பேசுவது யார் என்பதே வினா.

உடம்பாவது யாது? தனு கரண புவன போகங்கள் என்பன உயிர்கள் வினைப்பயன் நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்துத் தந்தவை. ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் ஏற்றி வைத்த விளக்கு அது. விளக்கை விளக்கென்றே அறிந்து நெய்வார்ப்பவனும், அதனையே கதிரவன் என மயங்கித் தொழுபவனும் வேறு. விடியுமுன்னரே ஊதி அவிப்பவன் இவ்விருவரினும் வேறு. பிறவுயிர்க்கு இரங்குவார் தம்முடம்பில் தங்கிய உயிர்க்கு இரங்காதிருத்தல் கொல்லாமை ஆகுமாறு யாங்ஙனம்? மேலும், ‘பசியை வென்றேன், பிறர் உண்பதை யான் உண்ணேன்’ என்னும் அம்முனைப்பு ஆணவத்தின் தொழிலே. தவத்தால் யான் எனது என்பவை தேயவேண்டும். ஈண்டோ உடம்பு தேயத் தேய யான் என்பது தடித்து வளர்கின்றது.

நோன்பையும் நோயையும் வேறு பிரித்தறிதற்கு விரத விதிகளை நோக்குதல் போதும். விரதத்திற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, முடிவில் பாரணை உண்டு. சிவராத்திரியில் உபவாசம் இருந்தவன் மறுநாள் பாரணம் பண்ணாது விடின் விரதம் நிறைவெய்தாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில் உபவாசத்தை முதற்றரமாக வைத்தும், இயலாதவர்க்கென அதன்கீழ்ப் படிகளையும் வகுத்துள்ளார். அப்படிகள் உடம்பின்பால் உள்ள இரக்கத்தால் எழுந்தவை. நோயின் விதிக்குப் படியில்லை, பாரணையும் இல்லை. இன்று பால் நீங்கும். நாளை எண்ணெய் நீங்கும். அடுத்த திங்கள் அரிசி நீங்கும். பின்னர்க் கனியிலும் சில நீங்கும். விரதி பாரணை நாளை மகிழ்ந்து எதிர்நோக்குவான். நோயாளி விதி ஒன்று தவறின் நடுங்குவாள். தூய உணவு என்னும் எண்ணமே பிணியாகும் நிலைக்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997 ஆம் ஆண்டில் ஆர்த்தோரெக்சியா எனப் பெயரிட்டார். அவர் தாமே ஒரு கூட்டுப் பண்ணையில் சமையற்காரராய் இருந்த காலத்தில், மண்ணினின்றும் பறித்துக் கால்மணி நேரம் கடந்த காயை உண்ண மறுத்தவர்! அம்மயக்கத்தினின்றும் மீண்டமையாற்றான் அதற்குப் பெயரிட வல்லராயினர் போலும்.

பச்சையுணவின் தன்மையும் ஈண்டு எண்ணத்தக்கது. இலையும் காயும் இடத்தை மிக அடைப்பன, ஆற்றலைச் சிறிதே தருவன. வயிறு நிறைந்தது போலத் தோன்றும், உடம்போ பசித்தே கிடக்கும். நல்லுடம்பினர்க்கு இது பொறுக்கலாகும். இழந்த தசையும் எலும்பும் மீள வளரவேண்டியவர்க்குப் பொறுக்கலாகாது. செருமானிய ஆராய்ச்சியாளர் நெடுநாள் பச்சையுணவே உண்டாரை வினவி 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாற்பத்தைந்து வயதிற்குட்பட்ட பெண்டிருள் நூற்றுக்கு முப்பதின்மர்க்கு மாதப்பூப்பு ஒருவாறோ முற்றுமோ நின்றிருந்தது கண்டனர். பூப்பு நிற்றல் உண்ணாநோயாளரிடத்துப் பெரிதும் காணப்படும் குறியும் ஆகும். பன்னிரண்டாம் பி உயிர்ச்சத்து மரக்கறியில் நம்பத்தக்க அளவு இல்லை. பாலையும் நீக்கினார் அதனை மருந்தாகவேனும் கொள்ளல் வேண்டும். நெடுநாட் பட்டினி கிடந்தார் திடீரென மிகுதியாக உண்ணினும், குருதியில் பாசுவரச்சத்து வீழ்ந்து உயிர்க்கே ஊறு நேர்தல் உண்டு. ஆதலின் மீளும் காலத்து உணவின் அளவும் வகையும் மருத்துவர் வகுக்கற்பாலன. காந்தியடிகள் 1929 ஆம் ஆண்டில் அடுப்பேற்றா உணவைத் தாமே சோதித்து, வயிற்றுக்கடுப்பு வந்துற அவ்வாண்டே அதனை நிறுத்தினார். பால் உண்ணேன் என்று விரதம் பூண்டிருந்த அவர் 1919 ஆம் ஆண்டில் உயிர்க்கிடையூறான நோயின்பின் ஆட்டுப்பால் கொண்டதும் உலகறிந்த செய்தி. விரதத்தின் சொல்லைக் காத்துக் கருத்தை விட்டேனே என்று அவர் வருந்தினார். வருந்தியும் பாலை விட்டிலர்.

இனிச் சைவர்க்கு இவ்வினாவில் வழிகாட்டுவது திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைக்குச் சென்ற வரலாறு. பெரியபுராணத்துள் சேக்கிழார் பெருமான் அதனை விரித்துரைத்தருளினர். கயிலைக்கோலம் காணும் பெருவிருப்பால் வடதிசை நோக்கிச் சென்ற சுவாமிகள், முதலில் இலையும் கிழங்கும் கனியுமே உண்டு நடந்தனர். பின்னர் அவற்றையும் ஒழித்தனர். கால்கள் தேய்ந்தன, கைகளால் தாவினர், கைகளும் தேய மார்பினால் உந்தினர், என்பும் முறிய உருண்டனர். அடியாருள் இவரினும் மேலான தூய நோக்கம் உடையார் யாவர்? ஈண்டு ஆணவமும் இல்லை, நோயும் இல்லை. அன்பு ஒன்றே உளது. அவ்வன்பின் பொருட்டாகவும் இறைவன் அவ்வுடம்பு அழிதலை ஏற்றுக்கொண்டிலன். முனிவர் வடிவாய் எதிர்வந்து, மானிட உடம்பிற்கு இவ்வழி அரிது, மீள்க என்றனன். மீளேன் என்று அவர் மறுத்தபோது, மறைந்து நின்று எழுந்திருக்கப் பணித்தனன். தேய்ந்த உறுப்புக்கள் யாவும் நிரம்பி ஒளியுடன் எழுந்தனர் சுவாமிகள். உடம்பு நிரம்பிய பின்னரே, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் காட்சி தந்தனன். காட்சி முன், உடம்பு பின் என்று அமையவில்லை. உடம்பு முன், காட்சி பின் என்றே அமைந்தது. கண்டவரும் அங்கே உயிர்நீத்தாரல்லர். திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்து நெடுநாள் தொண்டு செய்து வாழ்ந்தனர். அதற்கு முன்னொருகால் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து வருந்திய அவர்க்கு அவ்விறைவனே பொதிசோறு கொணர்ந்து அளித்ததும் கருதத்தக்கது. அது கந்தமூலம் அன்று, அட்ட சோறு. பழையாறை வடதளியில் சுவாமிகள் இறைவனைக் கண்டன்றி உண்ணேன் என்று இருந்ததும் உண்டு. ஆனால் இலிங்கம் வெளிப்பட்டவுடன் அந்நோன்பு முடிவெய்திற்று.

காரைக்காலம்மையாரை எடுத்துக்காட்டி மறுப்பாரும் உளராவர். தசை உதறி என்புருக் கொண்ட அம்மையார் பெண்டிர்க்கு முன்மாதிரி அல்லரோ எனின், அன்று. அம்மையார் உணவை மறுத்துத் தேய்ந்தவர் அல்லர். கணவன் தம்மைத் தெய்வமெனத் தொழுதபின், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி நீங்குக என வேண்டினர். வேண்டியவுடன் அருளால் நீங்கிற்று. அழகின் பொருட்டோ, அஞ்சியோ, மறைந்தோ செய்த செயல் அதில் யாதும் இல்லை. அவர் வரலாற்றின் தொடக்கமே பசித்து வந்த சிவனடியார்க்குச் சோறும் மாங்கனியும் இட்டதில் அன்றோ அமைந்துள்ளது? அவ்வுருவத்தைத் தன் நோய்க்குப் பிரமாணமாகக் கொள்பவள், அம்மையாரை வணங்கினாளல்லள். தன் கண்ணாடியையே வணங்கினாள்.

ஆயின் மீண்டுவரும் நங்கையின் கொல்லாமை வேட்கையை முற்றும் பொய்யென்று தள்ளிவிடலாமோ? ஆகாது. அவ்வேட்கையுள் மெய்யான இரக்கமும் கலந்திருத்தல் கூடும். பாற்பண்ணைகளில் கன்றும் பசுவும் இந்நாளிற் படும் துன்பத்தை எண்ணி வருந்துவாள் ஒருத்தியை எள்ளுதல் சைவர்க்கு அடாது. அதனை மறாது, காலம் கடத்தி வைத்தலே செயற்பாலது. புலால் மறுத்தல் அவளுக்கு என்றும் உரியது. சோறும் பருப்பும் நெய்யும் பாலும் தயிரும் மீட்சிக் காலத்து மருந்தெனக் கொள்க. உடம்பு நிரம்பி, மருத்துவர் இசைந்து, பல்லாண்டு அச்சமின்றி உண்ட பின்னர், பால் விடுத்தலைப் பற்றி ஆராயலாம். உண்மையான இரக்கம் அதுவரை பொறுத்திருக்கும்; நோயின் ஏவல் ஒருநாளும் பொறாது. விதித்தவுடன் சினந்து பதறுமாயின் அதுவே இன்னதென்று காட்டிவிடும். இளையாரை இங்ஙனம் ஆற்றுவிக்கும் பெற்றோர் நகையாமலும் வைதடக்காமலும் செய்தல் வேண்டும். நோய் பேசும்பொழுது பேசுபவள் மகள் அல்லள் என்பதை மறவாதிருப்பின் அது கைகூடும்.

சார்ந்ததன் வண்ணமாதல் நோய்க்கு வாயிலானது போல மீட்சிக்கும் வாயிலாம். இந்நோயாளர் தனித்து உண்பர், அல்லது உண்டதாகச் சொல்லி ஒழிப்பர். ஆதலின் அவர்க்கு அடியார் கூட்டமும் பந்தியும் மருந்து. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பிறர்க்கு வகைவகையாய்ச் சமைத்து ஊட்டி, தாம் ஒரு கவளமும் கொள்ளாதிருத்தல் இந்நோயின் குறிகளுள் ஒன்று. மாகேசுர பூசையில் அவள் ஓடியாடிப் பரிமாறுதலைக் கண்டு தொண்டென மகிழ்ந்து, அவள் உண்டாளோ என்று வினவாது விடுதல் பெரும்பிழையாய் முடியும். பரிமாறுதல் பிறர்க்கு ஆகுக. பந்தியின் நடுவே, தாயின் பக்கத்தில், அவளுக்கும் ஓர் இலை இடுக. அதில் நைவேத்தியச் சோறு வைத்தபின், அனைவரும் உண்ணுமளவும் உடனிருந்து உண்ணுதலே அன்று அவளுக்குரிய தொண்டு எனப் பெரியோர் விதித்தருளுக.