மழைக்கு யார் பொறுப்பு?

தூத்துக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று எங்கே பார்த்தாலும் பாத்தி பாத்தியாக உப்பளம். வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசும். அதில் ஒரு கல்லை எடுத்து உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னக் கனசதுரங்கள். உள்ளே சோடியமும் குளோரினும் மாறி மாறி, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு பேராக, வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. சோடியம் தன் எலெக்ட்ரானில் ஒன்றைக் கொடுத்துவிட்டது, குளோரின் வாங்கிக்கொண்டது. கணக்கு தீர்ந்தது. அதனால்தான் தண்ணீரைக் கண்டதும் சுலபமாகப் பிரிந்து கரைந்துவிடுகின்றன.

பிளஸ் டூ லேபில் உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டது ஞாபகம் இருக்கிறதா? தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஒன்று அடியில் படியும். சில்வர் குளோரைடு. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் உப்புக்கல்லுக்கும் உள்கட்டுமானம் ஒன்றேதான். அதே ஆறு பேர், அதே வரிசை. ஆனால் இது தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. வெள்ளி, சோடியம் மாதிரி தாராளம் கிடையாது. எலெக்ட்ரானைக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசாமி.

குளோரினுக்குப் பதில் அயோடின் வந்தால் இந்தப் பங்காளித்தனம் இன்னும் கூடுகிறது. ஆறு பேர் வரிசை கலைந்து, ஒவ்வொருவரைச் சுற்றியும் நாலே பேர். பனிக்கட்டிக்குள் தண்ணீர் மூலக்கூறுகளும் அப்படித்தான், நாலு பேர் நாலு பேராகக் கைகோத்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடைவெளியில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான்.

1946-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பெர்னார்ட் வானகட் என்ற விஞ்ஞானி, பனிக்கட்டி மாதிரி வேறு எது இருக்கிறது என்று படிக அட்டவணைகளைப் புரட்டி இந்தச் சில்வர் அயோடைடைக் கண்டுபிடித்தார். (நாவலாசிரியர் கர்ட் வானகட்டின் அண்ணன்.) மேகத்துக்குள் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் கோடானுகோடி நீர்த்துளிகள் திரியும். உட்கார ஒரு திண்ணை வேண்டும், அவ்வளவுதான். சில்வர் அயோடைடு புகையைத் தூவினால், இதுவும் நம்ம ஆள்தான் என்று நீர் அதன்மேல் உறைகிறது, பெருக்கிறது, கனம் தாங்காமல் விழுகிறது, வழியில் உருகி மழையாகிறது.

செயற்கை மழை நமக்குப் புதிதல்ல. வறட்சி வாட்டிய 1983-லும், 1984 முதல் 87 வரையிலும், 1993-94-லும் தமிழக அரசே மேகத்தில் விதை தூவிப் பார்த்தது. மேகமே சரியில்லை என்றால் எதுவும் பலிக்காது. 2025 அக்டோபரில் டெல்லியில் விமானம் ஏற்றிப் பார்த்தார்கள். ஈரப்பதம் போதவில்லை, மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை.

சரி, பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். விளாத்திகுளம் கரிசல் காட்டில் ஒருவர் மானாவாரியாக உளுந்து போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தங்கையை வேப்பலோடையில் உப்பளத்து வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அண்ணன் காட்டில் பெய்யும் மேகம் தங்கை வீட்டுக்காரர் பாத்தியிலும் பெய்யும். நல்ல உழவு கொடுத்த அதே மழை, விளைந்த உப்பைக் கரைத்து, முற்றிய நீரைத் தண்ணியாக்கி, வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும். அத்தனை நாளும் கூலி கிடையாது. வறட்சி வருஷம் உப்புக்கு நல்ல வருஷம். இரண்டு பேரும் நியாயமானவர்கள்தான்.

இதுவரை யாரும் யாரையும் கேட்கவில்லை. வானம் பெய்தது, வருணன் பெய்தான் என்று போய்விடலாம். ஒரு விமானம் மேலே போய்விட்டு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1947-ல் அமெரிக்கர்கள் கடலில் இருந்த ஒரு புயலில் உலர்பனிக்கட்டியைக் கொட்டினார்கள். அது திரும்பி ஜார்ஜியா கரையில் போய் மோதியது. கொட்டுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் பழி வந்தது வந்ததுதான். 2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் மிதந்தபோதும் உலகம் முழுக்க விதை தூவியவர்களைத்தான் திட்டியது. அந்த மேகத்தில் தூவவே இல்லை என்று அந்நாட்டு வானிலைத் துறை சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள்?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்கு முந்தின வாரம் யாராவது வானத்தில் விதை தூவியிருந்தால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது. பெய்யாவிட்டால் மேகம் சரியில்லை, பெய்தால் என் சாமர்த்தியம், வெள்ளம் வந்தால் இயற்கை என்று ஒருவர் மூன்று நாக்கால் பேசமுடியாது என்பது என் கட்சி. பேசினால் நீங்களாவது விடக்கூடாது.

வியட்நாம் போரில் எதிரியின் பாதையைச் சேறாக்க அமெரிக்கா 1967 முதல் 72 வரை மேகங்களில் விதை தூவியது. அதற்குப் பிறகு 1977-ல், வானிலையை ஆயுதமாக்கக்கூடாது என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவும் அதில் உண்டு. நாடும் நாடும் பேசிக்கொண்டாயிற்று. காடும் அளமும் பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு?

மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை என்று தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அது ஐப்பசி, கார்த்திகையில் தானாகப் பெய்கிற மழைக்கு. ஆனியிலோ ஆடியிலோ, அண்ணன் காட்டுக்காக அரசு விமானம் ஏறி வரவழைக்கிற மழைக்கு, தங்கை வீட்டுக் கூலியை எந்தத் துறை கொடுக்கும்?