விலைபோன அயலவர்கள்

ஒரு தொலைக்காட்சித் தொடரை இருபத்தொரு வருடங்களாகத் தவறாமல் பார்த்து வந்த ஒருவருக்கு, அத்தொடரின் மீது ஏதேனும் ஹக் உண்டா? சட்டத்திடம் கேட்டால் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். ஒளிபரப்புரிமை என்பது தயாரித்தவரும் ஒளிபரப்புபவரும் தமக்குள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல். பார்ப்பவர் அந்த ஒப்பந்தத்தில் எந்த மூலையிலும் கையொப்பம் வைப்பதில்லை. ஆயினும் தொடர் கைமாறும்போது நட்டப்படுபவர் அவர்தான் என்பதால், சட்டத்தின் பதிலோடு இதனை மூடிவிட எனக்கு மனமில்லை.

'நெய்பர்ஸ்' என்ற அவுஸ்திரேலியத் தொடரின் கதையை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அயலவர்கள் என்பது அதன் பொருள். மெல்பேர்ன் புறநகரொன்றில், ரம்ஸி வீதி என்ற கற்பனை வீதியில் வாழும் சில குடும்பங்களின் அன்றாடப் பாடுகளே அதன் கதை. 1985 மார்ச்சில் செவன் நெட்வேர்க் அதனை ஆரம்பித்து அதே வருடத்தில் கைவிட, 1986 இல் போட்டி நிறுவனமான நெட்வேர்க் டென் தத்தெடுத்துக்கொண்டது. அதே வருடம் ஒக்டோபரில் பீ.பீ.ஸீ. அதனைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தது. பகலில் ஒரு தடவையும், பாடசாலைப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர் மாலையில் இன்னொரு தடவையுமாக அது ஒளிபரப்பானது. ஸ்கொட், சார்லீன் ஆகியோரின் திருமணம் 1988 நவம்பரில் அங்கு காட்டப்பட்டபோது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றைய அவுஸ்திரேலியாவின் மொத்தச் சனத்தொகையே ஒரு கோடி அறுபத்தைந்து இலட்சமளவில்தான் இருந்தது. சொந்த நாட்டின் சனத்தொகையை விட அதிகமான விருந்தாளிகள் வந்த கலியாணம் அது! மழையும் இருளும் மண்டிய நவம்பர் மாலையில், கடலுக்கு அப்பால் யாரோ சிலர் வெயிலில் நின்று பேசிக்கொண்டிருப்பது அந்த மக்களுக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2007 இல் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளை வந்தது. தயாரிப்பாளர் கேட்ட விலையைக் கொடுக்க பீ.பீ.ஸீ. மறுத்தது. மக்களின் அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம் அது. மறுத்ததைக் குறைசொல்ல முடியாது. சனல் 5 கொடுத்தது. 2008 பெப்ரவரி 8, வெள்ளிக்கிழமை பீ.பீ.ஸீ.யில் கடைசி அங்கம். 11 ஆம் திகதி திங்கட்கிழமை சனல் 5 இல் அடுத்த அங்கம். சனல் 5 இன் அலை அக்காலத்தில் நாட்டின் எல்லா மூலைகளுக்கும் எட்டவில்லை. எட்டிய இடங்களில் கதை தடங்கலின்றித் தொடர்ந்தது.

இவ்விடத்தில் அந்த விலை ஏன் ஏறியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். யாருமறியாத இன்னொரு தொடரின் ஒளிநாடாக்களுக்கு இத்தொகையை எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். மாலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்காரும் இலட்சக்கணக்கானோரின் பழக்கத்துக்கே சனல் 5 விலை கொடுத்தது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் பார்த்தவர்களும் அடக்கம். அவர்கள் நேசித்திராவிட்டால் விலை ஏறியிராது; விலை ஏறியிராவிட்டால் அது அவர்களுடைய அலைவரிசையை விட்டுப் போயிராது. நேசித்ததே இழப்புக்குக் காரணமாகிவிடும் இந்த விநோதம் வேறு வியாபாரங்களில் இவ்வளவு அப்பட்டமாகத் தெரிவதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. பார்த்தவர் அனுபவித்தார், கணக்கு அன்றைக்கன்றே தீர்ந்தது. பத்து வருடம் ஒரே கடையில் தேநீர் குடித்தவர் கடையில் பங்கு கேட்பதில்லையே! உண்மைதான். நமது நாட்டில் பிறர் காணியில் பத்து வருடம் இடையறாது ஆட்சி செய்தவர், 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரித்துக் கோரலாம். ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்தவருக்கு அது செல்லாது. தொடர் பார்ப்பவர் இந்த இரண்டாவது வகை. அனுமதியோடு குடியிருந்தவர். பங்கும் உரித்தும் அவருக்கில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் குடியிருந்தவரை எழுப்பும்போது அவகாசம் கொடுப்பதும், போகும் வழியைச் சொல்வதும் மனிதப் பண்பல்லவா? பார்ப்பவருக்குத் தொடர் என்றென்றும் கிடைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதிக் கதையில் கதவு சாத்தப்படாதிருக்கும் ஹக் அவருக்கு உண்டென்று கருதுகிறேன்.

அந்த ஹக் மீறப்பட்ட சம்பவமும் பிரித்தானியாவிலேயே உண்டு. 'ஹோம் அன்ட் அவே' என்ற மற்றோர் அவுஸ்திரேலியத் தொடரை ஐ.ரீ.வி. 1989 முதல் காட்டி வந்தது. 2000 ஆம் ஆண்டில் கூடிய விலைகொடுத்து அதனையும் சனல் 5 வாங்கியது. பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனையால் புதியவர் உடனே ஒளிபரப்ப முடியவில்லை, பழையவர் ஒளிபரப்பவுமில்லை. 2000 ஜூன் முதல் 2001 ஜூலை வரை, ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொடர் பிரித்தானியத் திரையில் இல்லை. மாட்டை இழந்தவரும் கறக்கவில்லை, வாங்கியவராலும் கறக்க முடியவில்லை. கன்று மட்டும் கத்திக்கொண்டு நின்றது. இதில் சட்டமீறல் எதுவுமில்லை. விலை ஏறியதிலும் கைமாறியதிலும் எனக்குப் புகாரில்லை. எவருக்கும் பயன்படாத அந்த ஒரு வருட மௌனத்தை மட்டும் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

அரபு நாடுகளில் நடந்தது வேறு விதம். சிரிய வழக்கு மொழியில் குரல் சேர்க்கப்பட்ட 'நூர்' 2008 இல் பெற்ற வரவேற்புக்குப் பின் துருக்கித் தொடர்கள் அங்கு வீட்டுக்கு வீடு புகுந்திருந்தன. 2018 மார்ச் தொடக்கத்தில் எம்.பீ.ஸீ. அலைவரிசைக் குழுமம் அவற்றை நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்தவையும் நடுவழியில் நின்றன. அங்கே காரணம் விலையல்ல, அரசியல். தலைநகரங்களுக்கிடையிலான கோபத்தில், வீட்டில் உட்கார்ந்திருந்த உம்மாமாருக்கு என்ன பங்கு?

நெய்பர்ஸுக்குத் திரும்புவோம். 2022 பெப்ரவரியில், சொந்த நாட்டு நாடகங்களுக்குப் பணத்தைச் செலவிடப் போவதாகக் கூறி சனல் 5 அதனைக் கைவிட்டது. அப்போதுதான் பலருக்கு உண்மை தெரிந்தது. பிரித்தானியப் பணமின்றி அத்தொடரைத் தயாரிக்கவே முடியாதிருந்தது. அந்நியத் தொடர் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அடுப்பெரித்தவர்களே அவர்கள்தான். தயாரிப்பாளர் இம்முறை முறையாக நடந்துகொண்டார். பழைய நடிகர்கள் பலர், பாடகி கைலி மினோக் உட்பட, திரும்பி வந்து 2022 ஜூலை இறுதியில் விடைபெற்றார்கள். அழுது வழியனுப்பியவர்கள் கண்ணீரைத் துடைத்து முடிக்குமுன்னர், அதே வருடம் நவம்பரில் அமேசன் அதனை வாங்கிவிட்டது வேறு கதை. 2023 செப்டம்பரில் இணையவழியில் தொடர் மீண்டும் வந்தது. 2025 பெப்ரவரியில் அதுவும் முடியப்போவதாக அறிவிப்பு வெளியானது.

இணையத்தில் வந்தபோது கட்டணம் இல்லை. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் போதும். ஆனால் 1986 இல் ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கத் தொடங்கியவர், 2023 இல் எழுபதைத் தாண்டியிருந்தால், அந்தப் பொத்தான் அவருடைய பழைய பெட்டியில் இருக்கவில்லை. அதனைத் தேடிக் கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகளோ பக்கத்து வீட்டுக்காரரோதான். எந்த ஒப்பந்தத்திலும் அவர்களுடைய பெயர் இல்லை.